சின்னப் பிள்ளைகளோடு ஈரநிலப் பூங்கா: சேற்றைப் பார்க்கவா அவ்வளவு தூரம்?

கேள்வி: பதுளையிலிருந்து ஓர் அம்மா
2024 பெப்ரவரி 3

மகனுக்கு நான்கு வயது, மகளுக்கு இரண்டரை. நேற்று ஈரநில தினம் என்று முன்பள்ளியில் ஒரு கொக்குப் படத்தைக் கொடுத்து நிறம் தீட்டச் சொல்லியிருக்கிறார்கள். அதிலிருந்து "இந்த இடம் எங்க இருக்கு, காட்டுங்க" என்று ஒரே பிடிவாதம். கொழும்புப் பக்கம் பெத்தகான, தியசரு என்று பூங்காக்கள் இருக்கின்றனவாம். இவர் என்னடா என்றால், ரயிலேறி அவ்வளவு தூரம் போய்ச் சேற்றையும் நுளம்பையும் பார்க்கவா, அதற்குத் தெஹிவளை மிருகக்காட்சிசாலைக்கே போகலாமே என்கிறார். இவ்வளவு சின்னப் பிள்ளைகளோடு யாராவது போயிருக்கிறீர்களா? உள்ளதைச் சொல்லுங்கள்.

பெப்ரவரி 4, இரவு

போயிருக்கிறோம் அக்கா. போன மாதம்தான். நாங்கள் டிக்கோயா. மகளுக்கு ஆறு, மகனுக்கு மூன்று. தைப்பொங்கலுக்குக் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போனோம். பொங்கல் திங்கட்கிழமை. முந்தின நாள் ஞாயிறு காலையில் ஓட்டோ பிடித்துப் பெத்தகானவுக்குப் போய்விட்டோம்.

கோட்டே பக்கம், தியவன்னா ஓயாவை ஒட்டிய சதுப்பு அது. ஏறத்தாழ 18 ஹெக்டேயர். தண்ணீருக்கும் சேற்றுக்கும் மேலே கால் வைத்து நடக்கப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். பறவைகள் நம்மைக் காணாமல் நாம் அவற்றைப் பார்க்க மறைவிடமும் உண்டு. வெளியே வாகனச் சத்தம், உள்ளே பத்தடி போனால் தவளைச் சத்தம். நகரத்துக்கு நடுவில் இப்படி ஒன்றை நான் எதிர்பார்க்கவில்லை.

என் திட்டம், பாதை முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவது. இரண்டு மணி நேரம் என்று கணக்குப் போட்டிருந்தேன். பிள்ளைகள் முதல் வளைவிலேயே குந்திவிட்டார்கள். கைப்பிடிக் கம்பில் எறும்பு வரிசை போனது. அதைப் பார்க்கவே இருபது நிமிடம். "வாங்க வாங்க, அங்க பெரிய பறவை இருக்கு" என்று நான் இழுக்க, மகன் அழ, மனைவி என்னை முறைக்க, கடைசியில் நானும் குந்தினேன். குந்திய பிறகுதான் எனக்கும் கண் தெரிந்தது. ஊதா நிறத்தில் ஒரு கோழி, சிவப்பு மூக்கு, சிவப்புக் கால். தாழைக்கோழி என்பார்கள். கோரைத் தண்டு ஒன்றைப் பிடுங்கி, ஒற்றைக் காலால் அதைத் தூக்கிப் பிடித்து, நாம் கரும்பு கடிப்பது போலக் கடித்தது. மகள் மூச்சு விடாமல் பார்த்தாள். அப்புறம் பெரிய உடும்பு ஒன்று தண்ணீரில் நீந்திப் போனது. மகன் "முதலை!" என்று கத்தி என் கழுத்தில் ஏறிவிட்டான்.

சேறு இருந்தது, நுளம்பும் இருந்தது. ஆனாலும் போங்கள். மிருகக்காட்சிசாலையில் கூண்டுக்குக் கூண்டு ஓடுவோம். இங்கே ஓடினால் ஒன்றுமே தெரியாது, நின்றால் மட்டும்தான் தெரியும். நான்கு வயதுப் பிள்ளைக்கு நிற்பதற்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. அதுவே நின்றுவிடும்.

பெப்ரவரி 5

அவசரத்தில் விட்டுவிட்டேன். நமக்கு மலைக்குளிர் பழக்கம். கொழும்பு வெயில் பிள்ளைகளைச் சட்டென்று சாய்த்துவிடும். நாங்கள் ஏழு மணி போல உள்ளே போனோம், ஒன்பதுக்குள் மகன் முகம் சிவந்து துவண்டுவிட்டான். காலை எவ்வளவு நேரத்தோடு போக முடியுமோ அவ்வளவு நேரத்தோடு போங்கள். தண்ணீர்ப் போத்தல் ஆளுக்கு ஒன்று, தொப்பி, மாற்றுச் சட்டை. தள்ளுவண்டி வேண்டாம், பலகையில் தடதடவென்று உருட்டினால் பறவை ஒன்றும் மிஞ்சாது. இரண்டரை வயதை இடுப்பில்தான் தூக்க வேண்டிவரும். ஆகவே ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று போங்கள். திறக்கும் நேரத்தையும் நுழைவுச் சீட்டு விலையையும் கிளம்பும் முன் கேட்டுக் கொள்ளுங்கள், மாறிக்கொண்டே இருக்கும்.

பெப்ரவரி 6

மாத்தளையில் இருந்து ஒருவர் கேட்கிறார்: "சதுப்பில் நுளம்பு கூடு கட்டியல்லவா இருக்கும், பிள்ளைக்கு டெங்கு வந்தால் நீங்களா பொறுப்பு?"

பயம் நியாயமானது. எங்கள் வீட்டிலும் அப்பாயி இதைத்தான் கேட்டார். ஆனால் டெங்கு நுளம்பு முட்டையிடுவது பெரும்பாலும் வீட்டைச் சுற்றித் தேங்கும் தெளிந்த நீரில்: டயர், சிரட்டை, பூச்சாடித் தட்டு, கூரைப் பீலி. மீனும் தவளையும் தும்பிக் குஞ்சும் உள்ள சதுப்பில் நுளம்புக் குடம்பிகளைத் தின்ன ஆட்கள் நிறைய. அதற்காக அங்கே நுளம்பு கடிக்காது என்று நான் சொல்லவில்லை. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, அதுவும் விடிந்து சில மணி நேரமும் பொழுது சாயும் முன்னும் அதிகம். நான் போகச் சொல்லும் நேரமும் அதுதான். முழுக்கைச் சட்டை, நீளக் காற்சட்டை, நுளம்புக்குப் பூசும் களிம்பு, மூன்றும் கட்டாயம்.

அட்டைக்குப் பழகிய பிள்ளைகள் நுளம்புக்கு அழுவதைப் பார்க்க ஆச்சரியமாக இருந்தது. என் மகள் காலில் அட்டை ஏறினால் சவர்க்காரத்தைத் தேய்த்துத் தானே எடுத்துப் போடுவாள். அங்கே ஒரு நுளம்பு கடித்ததற்கு ஊரைக் கூட்டினாள்.

பெப்ரவரி 9, இரவு

முதல் குறிப்பில் எழுதாத ஒன்றை இன்று எழுதத் தோன்றுகிறது. மகள் இன்னும் அதையே பேசிக்கொண்டிருக்கிறாள்.

திரும்பி வரும்போது தண்ணீரில் இருந்து நீட்டிக்கொண்டிருந்த ஒரு கோரைத் தண்டில், என் சுட்டு விரல் நுனி அளவு பூச்சி ஒன்று. மண் நிறம். ஆறு கால்களாலும் தண்டை இறுகக் கட்டிப் பிடித்திருந்தது. செத்த பூச்சி என்று நினைத்தேன். மகள் முகத்தைக் கிட்டக் கொண்டுபோய், "அப்பா, முதுகு கிழிஞ்சிருக்கு" என்றாள். உண்மைதான். தலைக்குப் பின்னால் இருந்து நேர்க்கோடாக ஒரு வெடிப்பு. உள்ளே வெறுமை. வெடிப்பின் ஓரத்தில் வெள்ளை நூல் மாதிரி இரண்டு மூன்று இழைகள் தொங்கின. கண்கள் இருந்த இடம்கூடக் கண்ணாடி போல அப்படியே இருந்தது. ஊதினால் பறந்துவிடும் போல ஒரு வெறும் சட்டை.

"உள்ள இருந்த ஆள் எங்க?" என்று கேட்டாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அங்கே வேலை செய்யும் ஒரு ஐயா, பிள்ளை கேட்ட கேள்வி புரிந்துவிட்டது போல, சிரித்துக்கொண்டே மேலே கையைக் காட்டினார். தலைக்கு மேலே சிவப்புத் தும்பிகள். தும்பி பறப்பதற்கு முன் மாதக்கணக்கில் தண்ணீருக்கு அடியில்தான் வாழ்கிறது, சில இனங்கள் வருடக்கணக்கில். காலம் வந்ததும் இப்படி ஒரு தண்டில் ஏறி, முதுகைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. அந்த வெள்ளை இழைகள், அது தண்ணீருக்குள் மூச்சு விட்ட குழாய்களின் உள்தோல். நான் 37 வயதில் தெரிந்துகொண்டேன், அவள் ஆறு வயதில்.

பெப்ரவரி 10

திருத்தம். நீந்திப் போனது உடும்பு இல்லை, கபரகொயா. சிலாபத்தில் இருந்து ஒரு வாசகர் படம் கேட்டு, பார்த்துச் சொன்னார். கறுத்த உடம்பில் மஞ்சள் புள்ளி, வால் தட்டையாக இருக்கும், தண்ணீரில் துடுப்பு மாதிரி வீசும். மூக்குத் துவாரம் மூஞ்சியின் நுனிப் பக்கம் உருண்டையாக இருக்கும். உடும்புக்கு அது கீறல் மாதிரி, கண்ணுக்கும் நுனிக்கும் இடையில். மூன்று வயதுக்காரன் "முதலை" என்றான், நான் "உடும்பு" என்றேன். தியவன்னாவில் முதலையும் இருக்கிறது. பிள்ளைகளைத் தண்ணீர் ஓரம் தனியே விட வேண்டாம், பலகைப் பாதையை விட்டு இறங்கவே வேண்டாம்.

பெப்ரவரி 18

பதுளை அக்கா, நீங்கள் கேட்டது பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கூட்டிப்போவது என்று. நான் முன்கூட்டிச் சொல்லிக் கூட்டிப்போகவில்லை. ஆனால் அங்கே போன பிறகு கேள்விக்கு மேல் கேள்வி.

"இங்க ஏன் வீடு கட்டல?" முதல் கேள்வி இது. லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்த பிள்ளை, வெறும் நிலத்தைக் கண்டால் வீடுதான் நினைவுக்கு வரும். மழைத் தண்ணீர் வந்து தங்குவதற்கு இடம் வேண்டும் என்றேன். பழைய கதையும் கொஞ்சம் சொன்னேன். 14ஆம் நூற்றாண்டில் அழகக்கோனார் என்ற மந்திரி கோட்டேயில் கோட்டை கட்டியது யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் படைக்குத் தடையாக. மதிலுக்கு முன்னால் இந்தச் சதுப்புத்தான் காவல். சேற்றில் யானையும் இறங்காது, காலாளும் இறங்கமாட்டான். மகளுக்கு யானை சேற்றில் மாட்டுவது மட்டும் பிடித்திருந்தது, மூன்று தடவை சொல்லச் சொன்னாள். கதையை அவளே மாற்றி, யானையைத் தவளைகள் சேர்ந்து இழுத்து எடுத்ததாக முடித்துவிட்டாள்.

ரம்சார் என்பது ஈரநிலங்களைக் காக்க நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கை. 2018இல் துபாயில் நடந்த அதன் மாநாட்டில் உலகிலேயே முதல் தடவையாக 18 நகரங்களை ஈரநில நகரங்கள் என்று ஏற்றுக்கொண்டார்கள். அதில் கொழும்பும் ஒன்று. நம் நாட்டில் ரம்சார் பட்டியலில் உள்ள ஆறு இடங்களும், பூந்தலை, ஆனைவிழுந்தான், மாதுகங்கை, வங்காலை, குமணை, வில்பத்து, எல்லாம் பள்ளத்து நாட்டில். மலைநாட்டில் ஒன்றும் இல்லை. அதனால்தான் நம் பிள்ளைகளுக்குக் கொக்குப் படம் வெறும் படமாகவே போகிறது என்று ஒரு மனக்குறை எனக்கு.

இரண்டாவது கேள்வி: "நம்ம ஓயாத் தண்ணி இங்க வருமா?" வரும் என்றேன், பெருமையோடு. டிக்கோயாத் தண்ணீர் காசல்ரீ நீர்த்தேக்கத்துக்கு, அங்கிருந்து கெஹெல்கமு ஓயா, அது மஸ்கெலி ஓயாவோடு சேர்ந்து களனி ஆறு, களனி கொழும்புக்கு. அவள் தண்ணீரைப் பார்த்து "ஏய், நாங்க வந்துட்டோம்" என்று கையை ஆட்டினாள்.

மார்ச் 10

சிவராத்திரிக்கு அடுத்த நாள், நேற்றுச் சனிக்கிழமை, நுவரெலியா போய் வந்தோம். கிரகரி வாவிதான் பக்கத்தில் இருக்கிறதே, கொழும்பு எதற்கு என்று இந்த இழையில் மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். நேரில் பார்த்துவிட்டே பதில் எழுதலாம் என்று இருந்தேன்.

அந்த இடமே முன்னர் சதுப்புத்தான். 1873இல் ஆளுநர் வில்லியம் கிரகரி காலத்தில், பிதுருதலாகல மலையில் இருந்து இறங்கும் தலாகல ஓடையை மறித்துக் கட்டியது. நகரம் பெருக இடம் வேண்டும் என்பதே நோக்கம். 1913இல் வாவித் தண்ணீரைச் சுரங்க வழியாகக் கொண்டுபோய் நானுஓயாப் பக்கம் மின்சாரமும் எடுத்தார்கள். இன்று போனால் படகு, குதிரை, ஊஞ்சல், சோளம் விற்பவர். பிள்ளைகளுக்குப் பொழுது போகும். நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தோம், அதற்குள் இயந்திரப் படகு வந்தது, அது பறந்துவிட்டது. ஏப்ரல் சீசனில் அதுவும் கிடைக்காது.

ஆனால் விக்டோரியா பூங்கா! இதை நான் எப்படி இத்தனை வருடம் தெரியாமல் இருந்தேன்? பஸ் நிலையத்துக்கு எதிரே, சிறுவர் ரயில் ஓடும் பூந்தோட்டம் என்றுதான் நினைத்திருந்தேன். பின்பக்கம் ஒரு சிறு ஓடை, ஓரத்தில் புதர், ஈரச் சருகு. அங்கே நீளக் குழல் புகைப்படக்கருவியோடு நான்கைந்து வெளிநாட்டவர்கள் அசையாமல் நின்றார்கள். பிள்ளைகள் இருவரும் அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் சருகைக் கிளறிக்கொண்டு ஒரு குருவி வந்தது. பச்சை முதுகு, கண்ணுக்கு மை தீட்டியது போல் கறுப்புப் பட்டை, வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. ஆறுமணிக்குருவி. விடியலிலும் அந்தியிலும் கூவுவதால் அந்தப் பெயர். இந்தியாவின் வடக்கே, இமயமலை அடிவாரத்தில் இருந்தெல்லாம் குளிர்காலத்துக்கு வருகிறது, ஏப்ரலில் திரும்பிப் போய்விடும். வால் குட்டை. மகன் மெதுவாக என் காதில், "அதுக்கு வாலை யாரோ புடிங்கிட்டாங்க" என்றான்.

சரி, என் பேச்சைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். ஒக்டோபரில் இருந்து மார்ச் வரை, கொழும்பு போக வசதி இல்லாதவர்கள் விக்டோரியா பூங்காவின் ஓடை ஓரத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். ஆனால் அது ஈரநிலத்துக்கு ஈடு ஆகாது. தாழைக்கோழி அங்கே இல்லை, கோரை இல்லை, தண்ணீருக்கு மேல் நடக்கும் பாதை இல்லை.

ஹோர்ட்டன் சமவெளி பற்றியும் கேட்டிருந்தீர்கள். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் தண்ணீர் பிறக்கும் இடம், ஈரப் புல்வெளியும் சதுப்பும் நிறைய. ஆனால் 'உலக முடிவு' என்னும் மலை விளிம்புவரை சுற்றி வர ஒன்பது கிலோமீற்றருக்கு மேல். மூன்று வயதைத் தூக்கிக்கொண்டு நான் போகமாட்டேன். பத்து வயதுக்கு மேல் பார்க்கலாம்.

மார்ச் 11

எங்கள் வாவி போதாதா என்று கேட்ட கண்டி வாசகருக்கு: கண்டி வாவியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் 1807இல் வயலாக இருந்த இடத்தில் உண்டாக்கியது. நாயக்கர் வம்சத்தவர், பிறந்த பெயர் கண்ணுசாமி, கடைசியில் வேலூர்ச் சிறையில் முடிந்த வாழ்க்கை. கரையோர மரங்களில் நீர்க்காகமும் கொக்கும் கூட்டமாக அடையும். பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், தொப்பி போட்டு. ஆனால் கரை முழுக்கக் கல் கட்டு. தண்ணீரும் நிலமும் கலக்கும் அந்தச் சேற்று ஓரம், தும்பிச் சட்டை தொங்கும் அந்த ஓரம், அங்கே கிடையாது.

மே 26

வெசாக் விடுமுறையில் மறுபடி கொழும்பு. இந்த முறை வேறோர் இடம். பெயரைச் சொல்லவில்லை, குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அங்கே பறவைப் படங்கள் போட்ட பெரிய பலகை. மகள் இப்போது எழுத்துக் கூட்டி வாசிக்கிறாள். பலகை முன்னால் நின்று தேடினாள். சிங்களம் இருந்தது, ஆங்கிலம் இருந்தது. "நம்ம எழுத்து எங்கப்பா?" என்றாள். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. அந்தப் பலகையை எழுதியவர் கெட்ட எண்ணத்தோடு விட்டிருக்கமாட்டார், நினைவு வந்திருக்காது, அவ்வளவுதான். ஆனால் ஆறு வயதுப் பிள்ளைக்கு அதை எப்படிச் சொல்வது?

மனைவிதான் வழி கண்டாள். பையில் இருந்த கொப்பியைக் கிழித்து, "நீ எழுது" என்றாள். அன்று முழுக்க அதுதான் வேலை. கொக்கு, மீன்கொத்தி, நீர்க்காகம், தாழைக்கோழி. தாமரை இலை மேல் நீண்ட விரல்களை விரித்து நடந்த பறவைக்கு என்ன பெயர் என்று கேட்டாள். இலைக்கோழி என்றேன். அதை எழுதிவிட்டு, "இது நல்ல பேரு" என்றாள். கரையில் பச்சைப் பழம் தொங்கிய மரத்துக்கு எங்களிடம் தமிழ்ப் பெயர் இல்லை. சிங்களத்தில் வெல் ஆத்தா, நம் சீத்தாவின் உறவு, வெளியூரில் இருந்து வந்து கொழும்புச் சதுப்புகளைப் பிடித்துக்கொண்ட மரம். அவள் "சேத்து சீத்தா" என்று எழுதிக்கொண்டாள். ஆகாயத்தாமரையைப் பூவுக்காக அழகு என்றாள். அதைப் பரவவிடக் கூடாது என்று 1909லேயே நம் நாட்டில் தனிச் சட்டம் போட்டார்கள் என்றேன். பூவுக்குச் சட்டமா என்று நம்பவே இல்லை.

தூரநோக்கி வாங்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். ஏழு வயதுக்குக் கீழே வேண்டாம். இரண்டு கண்ணையும் சேர்த்துப் பார்க்கத் தெரியாமல் சலித்துப் போகிறார்கள். கொப்பித் தாளைக் குழலாகச் சுருட்டிக் கொடுங்கள். பெரிதாகக் காட்டாது, ஆனால் ஒரே இடத்தைப் பார்க்க வைக்கும்.

அப்புறம், மகனின் ஒரு செருப்பு தண்ணீருக்குள் போய்விட்டது. பின்பட்டி உள்ள செருப்பே போடுங்கள்.

ஜூன் 3

இன்று பள்ளிக்கூடங்கள் எல்லாம் மூடல். நேற்றில் இருந்து கொட்டிய மழை உங்களுக்கும் தெரியும். எங்கள் பக்கம் மண் சரிவுப் பயம், பள்ளத்தில் வெள்ளம். கொழும்பு அக்காவோடு பேசிக்கொண்டிருந்தபோது மகள் கைபேசியைப் பிடுங்கி, "அத்தை, தாழைக்கோழிக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டாள். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை.

அவளுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தபோதுதான் பெப்ரவரி 18இல் நான் எழுதியது பிழை என்று தெரிந்தது. டிக்கோயாத் தண்ணீர் பெத்தகானவுக்கு வருவதில்லை. அங்கே தேங்குவது கொழும்பையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த மழை. அது கால்வாய்கள் வழியே ஒரு பக்கம் களனிக்கும், இன்னொரு பக்கம் வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் கடலுக்கும் வடிய வேண்டும். இங்கேதான் நாம் வருகிறோம். மலையில் மழை கொட்டிக் களனி பொங்கினால், ஆற்றுத் தண்ணீர் நகரத்துக்குள் திரும்பி வராமல் இருக்கக் கால்வாய்க் கதவுகளை மூடிவிடுவார்கள். கதவு மூடிய பிறகு நகரத்து மழைக்குப் போக இடம் இல்லை. அது போய் நிற்பது சதுப்பில். சதுப்பை நிரப்பிக் கட்டடம் கட்டினால் அந்தத் தண்ணீர் வீட்டுக்குள்தான் போகும். 2010 நவம்பரில் பாராளுமன்ற வளாகத்துக்குள்ளேயே போனது.

இந்தக் கதவு விஷயத்தை மகளிடம் சொன்னேன். கொஞ்சம் யோசித்தாள். "அப்ப நம்ம தண்ணி போறதுக்காக அவங்க தண்ணி காத்துக்கிட்டு இருக்கா?"

ஆமாம் என்றேன்.

ஜூன் 4

இன்னொன்றும் சேர்க்க வேண்டும். நம் ஓயாத் தண்ணீர் கொழும்புக்கு வருகிறது என்று சொன்னது முழுப் பிழை இல்லை. கொழும்பின் குடிநீரில் பெரும்பகுதி அம்பத்தலையில் களனியில் இருந்து எடுப்பது. அத்தை வீட்டுக் குழாயைத் திறந்தால் அதில் நாமும் கொஞ்சம் இருப்போம். மகள் நேற்று மலைத் தண்ணீர் விழும் பீலிக்குப் போனபோது, "அத்தைக்குப் போ" என்று சொல்லிவிட்டுத்தான் முகம் கழுவினாளாம், மனைவி சொன்னாள். பீலிக்கரையில் சவர்க்கார உறையையும் ஷம்பு பைக்கட்டையும் போட்டுவிட்டு வரும் வழக்கத்தை இந்தப் பேச்சுக்குப் பிறகு எங்கள் வீட்டில் நிறுத்திவிட்டோம். பக்கத்துக் காம்பிரா வீடுகளிலும் மெல்லச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 18

மலைநாட்டில் ஒன்றும் இல்லை என்று எழுதினேனே, அந்த வரி இரண்டு மாதமாக என்னை உறுத்திக்கொண்டிருந்தது.

எங்கள் தோட்டத்தில் பணிய கணக்கு (கீழ்ப் பிரிவு) லயத்துக்குக் கீழே, இரண்டு தேயிலை மலைகள் சந்திக்கும் மடுவில் ஒரு சேற்று நிலம். மேலே இருந்து வடிகான்கள் எல்லாம் அங்கேதான் வந்து விழும். காட்டுச் சேம்பு, பன்னை, கோரை. நான் சிறுவனாக இருந்தபோது அப்பாயி அங்கே போய் மடி நிறைய வல்லாரை பறித்து வருவார். தேங்காய்ப்பூ போட்டுச் சம்பல். அந்த இடத்தை நாங்கள் யாரும் ஈரநிலம் என்று சொன்னதில்லை. "கீழ்ச் சேறு" என்போம், பிள்ளைகள் போனால் அடிப்போம்.

இன்று காலை மழை விட்டிருந்தது. நான்கு பேரும் அப்பாயியும் இறங்கினோம். பலகைப் பாதை ஏது, ஓரத்துப் பாறையில் உட்கார்ந்தோம். அட்டை ஏறியது, எடுத்துப் போட்டோம். முதல் பத்து நிமிடம் ஒன்றும் இல்லை. அப்புறம் தவளை. அப்புறம் ஒரு மீன்கொத்தி, நீலக் கோடு மாதிரிக் கடந்து போனது. தேயிலைக்குள் இருந்து மடையான் கொக்கு ஒன்று கழுத்தை நீட்டியது. அப்பாயிக்கு முட்டி வலி, ஆனால் எழும்ப மறுத்துவிட்டார். "இதை எல்லாம் நான் அம்பது வருசமா பாக்கிறேன், ஒக்காந்து பாக்கல" என்றார்.

போகிறவர்கள் கவனிக்க: மலைக்குப் புல் மருந்து அடித்த நாட்களிலும் அதற்கடுத்த மழையிலும் கானில் வரும் தண்ணீரைப் பிள்ளைகள் தொட வேண்டாம். கங்காணியிடம் கேட்டால் எந்த மலையில் அடிக்கிறார்கள் என்று சொல்வார். வீட்டுக்கு வந்ததும் கை கால் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அந்தச் சேற்றில் இப்போது வல்லாரை பறிப்பதும் இல்லை, காரணம் இதுதான். எனக்கு அது துக்கம்.

அந்த மடுவை மண் போட்டு மூடிக் கரப்பந்துத் திடல் ஆக்கலாம் என்று இளைஞர்களிடம் ஒரு பேச்சு இருக்கிறது. அவர்களுக்கும் விளையாட வேறு சமதரை இல்லை, அதை நான் மறுக்கவில்லை. நானும் அங்கே விளையாட ஆசைப்பட்டவன்தான். ஆனால் அதற்குக் கீழேயும் லயம் இருக்கிறது. கொழும்புக் கதவுக் கதையை அவர்களிடம் சொன்னேன். மேல் மலைத் தண்ணீர் இந்த மடுவில் நிற்காவிட்டால் யார் வீட்டு வாசலில் நிற்கும் என்று கேட்டேன். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் மேட்டைச் சமப்படுத்தலாமா என்று பார்க்கிறோம். மண்வெட்டியோடு நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

செப்டெம்பர் 8

பதுளை அக்கா போய் வந்துவிட்டார். அவர் எழுதியதை அப்படியே போடுகிறேன்: "தம்பி, பறவை ஒன்றையும் மகன் பார்க்கவில்லை. பலகைக்குக் கீழே மீன் குஞ்சு ஓடுவதைக் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பார்த்தான். இவரும் பக்கத்தில் படுத்துவிட்டார். மிருகக்காட்சிசாலைக்குப் போக நேரம் இல்லாமல் போய்விட்டது."

அக்கா, மகனிடம் சொல்லுங்கள், அவன் பார்த்ததை நான் இரண்டு முறை போயும் பார்க்கவில்லை. அடுத்த முறை நானும் படுக்கிறேன்.

எங்கள் பக்கம் இன்றைய செய்தி: கீழ்ச் சேற்றில் கோரைத் தண்டில் மகன்தான் முதலில் கண்டான். மண் நிறம், ஆறு கால், ஆனால் முதுகு இன்னும் கிழியவில்லை. அக்காளைக் கூப்பிடக்கூட வாய் திறக்காமல், கையை மட்டும் ஆட்டிக் கூப்பிட்டான். இரண்டு பேரும் பாறையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். முக்கால் மணி நேரம். தூறல் தொடங்கியதும் மனைவி கூப்பிட்டாள். வரமாட்டேன் என்றார்கள். நான் குடையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.